கல் முதலில், கேள்வி பிறகு

தருமபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும். மேற்கு ஓரத்தில் பென்னாகரம், அதைத் தாண்டினால் ஒகேனக்கல். இந்த இரண்டு ஓரங்களையும் கடந்த பத்தாண்டுகளில் இரண்டு பெருந்திட்டங்கள் உலுக்கின. ஒன்று சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை. இன்னொன்று கர்நாடகம் காவிரியின் குறுக்கே கட்ட நினைக்கும் மேகதாது அணை. அணை வரப்போவது தருமபுரியில் அல்ல. ஆனால் அங்கே தேக்கினாலும் திறந்தாலும், தமிழகத்தில் முதலில் அதை உணர்கிற இடங்களுள் ஒன்று ஒகேனக்கல்.

இரண்டு கோப்புகளும் டெல்லியில் ஒரே வகையான மேசைக்குத்தான் போயின: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வல்லுநர் மதிப்பீட்டுக் குழு. துறைக்கு ஒரு குழு என்பதால் ஆட்கள் வேறு. சட்டமும் நடைமுறையும் ஒன்றே. ஒரு கோப்பில் வல்லுநர்கள் முதல் படியிலேயே, ‘முதலில் பேசித் தீர்த்துவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். மற்றொன்றில் அவர்கள் என்ன ஆராய வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், விவசாயியின் நிலத்தில் அளவுக் கல் இறங்கிவிட்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வல்லுநர்களின் நேர்மை கூடியதோ குறைந்ததோ அல்ல என்பது என் எண்ணம். அவர்களிடம் எப்போது கேட்கிறோம், யார் எழுதிய காகிதத்தைக் கொடுத்துக் கேட்கிறோம், எதிரே நிற்பவர் யார் என்பவைதான் காரணங்கள்.

முதலில் நடைமுறை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994 ஜனவரியில் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அன்று வெளியானது. அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தங்கள். பெரிய திட்டங்கள் ‘அ’ பிரிவில் சேர்ந்து டெல்லிக்குப் போகும். மற்றவை ‘ஆ’ பிரிவில் மாநில ஆணையத்துக்கும் அதற்கு ஆலோசனை சொல்லும் மாநில வல்லுநர் குழுவுக்கும் போகும். எந்தப் பிரிவானாலும், தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டத்துக்குக் குழு முதலில் ஆய்வு வரையறைகளைத் தர வேண்டும். அதாவது, எதை எதை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும் என்ற பட்டியல். அதன்படி அறிக்கை எழுதி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தி, அங்கே எழுந்த கேள்விகளுக்குப் பதிலும் சேர்த்துக் குழுவிடம் திரும்ப வேண்டும். குழு 60 நாளில் மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும். அடுத்த 45 நாளில் அமைச்சகம் முடிவெடுக்கும். பரிந்துரை கட்டாயமல்ல, ஆனால் வழக்கமாக அமைச்சகம் அதை ஏற்றுக்கொள்கிறது.

குழுவில் அதிகபட்சம் 15 பேர். துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம், உயர்பட்டம் இருந்தால் 10 ஆண்டு. பதவிக்காலம் மூன்றாண்டு. நியமிப்பது அமைச்சகம். உறுப்பினர் செயலாளராக அமர்ந்து கோப்புகளை நகர்த்துவதும் அமைச்சக அதிகாரியே. அறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருபவர். அந்த நிறுவனத்துக்குத் தர அங்கீகாரம் வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்ற கேள்வியை அந்த அங்கீகாரம் தொடவில்லை. மணமகன் வீட்டார் செலவில் அழைத்து வந்த ஜோசியர் பொருத்தம் பார்ப்பது போல. அவர் நல்லவராகவே இருக்கலாம். என்றாலும் ‘பொருந்தாது’ என்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காக எழுதிய அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்திகள் அப்படியே இறங்கியிருந்தன. கொங்கணக் கரையில் குளிர்நாட்டு மரங்கள் முளைத்திருந்தன! கண்டுபிடித்தது எதிர்த்து நின்ற ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும். மதிப்பிடும் குழு அல்ல. குழுவுக்குக் கண் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான பக்கம் கொண்ட அறிக்கைகள் பல ஒரே நாள் நிகழ்ச்சி நிரலில் வரிசைகட்டி நின்றால், யாராலும் படிக்க முடியாது.

நீதிமன்றங்கள் இதைக் கவனித்திருக்கின்றன. கோவாவின் இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்றைப் பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில், 2009 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு செய்திகளைக் கண்டித்தது. ஒன்று, சுரங்கத் திட்டங்களை மதிப்பிடும் குழுவின் தலைவரே சில சுரங்க நிறுவனங்களின் இயக்குநராக இருந்தது. மற்றொன்று, ஒரே அமர்வில் ஏராளமான கோப்புகளை முடித்துவிடும் வேகம். ஒரு தடவைக்கு ஐந்து விண்ணப்பங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பு தெரிவித்தது. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்துக் கோப்பை மறுபடி குழுவுக்கே அனுப்பியது. வல்லுநர் குழு என்றால் காரணம் எழுத வேண்டும், திட்டக்காரர் சொன்னதைத் திருப்பி எழுதினால் போதாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். (அடுத்த ஆண்டு ஜனவரியில், கூடுதல் நிபந்தனைகளோடு, தடை நீங்கிவிட்டது.) பெங்களூரு சுற்றுச்சாலை வழக்கிலும் 2020 மார்ச்சில் பழைய தரவை வைத்து எழுதிய அறிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இனி அரூர்ப் பக்கம் வருவோம். எட்டுவழிச் சாலையின் மொத்த நீளம் 277.3 கிலோமீட்டர். இதில் தருமபுரி மாவட்டத்துக்குள் 56 கிலோமீட்டர்; திருவண்ணாமலைக்கு அடுத்தபடியாக, காஞ்சிபுரத்தோடு ஏறக்குறைய சமமான பங்கு. செலவு சுமார் 10,000 கோடி ரூபாய். தீர்த்தமலைப் பக்கம் தொடங்கி மஞ்சவாடிக் கணவாயை நோக்கிப் போகும் இந்த வழி, சேர்வராயன் மலையடிவாரத்தின் கிணற்றுப் பாசன நிலங்களினூடே போவது. இங்கே கிணறு ஒரு தலைமுறையின் சேமிப்பு. பாறையை உடைத்து, ஆழப்படுத்தி, பக்கத் துளை போட்டு, அதை நம்பித் தென்னையும் மஞ்சளும் மரவள்ளியும் வைத்த நிலம். சேர்வராயனில் பிறக்கும் வாணியாறு இந்தப் பகுதியின் ஊற்றுகளை ஓரளவு நிரப்புகிறது. ஆகவே மலையடிவாரத்தில் மண்ணை வெட்டி மேடாக்கிப் போடும் எந்தச் சாலைக்கும் உள்ள முதல் கேள்வி மரக் கணக்கைப் பற்றியது அல்ல. மழைநீர் எந்த வழியாகக் கீழே வருகிறது, சாலை அதை எங்கே மறிக்கும் என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு அறிக்கைகளில் எவ்வளவு இடம் இருக்கும்? நெடுஞ்சாலைத் திட்டங்களுக்குப் பொதுவாக ஒரு பருவத் தரவு போதும், அதுவும் மழைக்காலம் தவிர்த்த பருவம். பள்ளத்தாக்கு அணைகளுக்குத்தான் ஓராண்டுத் தரவு கேட்பார்கள். தென்மேற்கு மழையிலும் வடகிழக்கு மழையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும் தருமபுரியை, காய்ந்த மாதங்களில் மட்டும் அளந்தால் ஓடை எல்லாம் வெறும் பள்ளமாகத்தான் வரைபடத்தில் விழும். ஓடைக்குப் பெயர் இருப்பது ஊர்க்காரருக்குத் தெரியும். அவர் பேசும் நேரம் கருத்துக்கேட்புக் கூட்டம். அது வருவது அறிக்கை எழுதி முடித்த பிறகு. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கிடைப்பது சுருக்கம்.

எட்டுவழிச் சாலையில் அந்தக் கூட்டம் வரும்வரை கூடக் காத்திருக்கவில்லை. 2018 தொடக்கத்தில் அறிவிப்பு. கோடையில் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின் கீழ் நிலமெடுப்பு அறிவிக்கைகள். ஜூன் மாதத்தில் அமைச்சகம் ஆய்வு வரையறைகளைத் தந்தது. அதே கால அளவில் நிலத்தில் கல் நடும் வேலையும், அதை எதிர்த்தவர்களைக் கைது செய்யும் வேலையும் நடந்தன. சட்டத்தில் ஆட்சேபத்துக்கு 21 நாள் உண்டு. ஆனால் அந்த ஆட்சேபத்தைக் கேட்பவர் நிலமெடுப்பு அதிகாரி; வல்லுநர் அல்ல. ஓடை மறிபடும் என்று அவரிடம் சொன்னால் அவர் அதை எங்கே எழுதிக்கொள்வார்?

விவசாயிகளும், அப்போது தருமபுரியின் மக்களவை உறுப்பினராக இருந்த அன்புமணி ராமதாஸும், பூவுலகின் நண்பர்கள் அமைப்பினரும் வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி இந்தத் திட்டத்துக்குக் கட்டாயம், அது இல்லாமல் நிலத்தைக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கியது தவறு என்றது. சென்னை–மதுரை என்று பட்டியலில் இருந்த வழி சென்னை–சேலமாக மாறியதையும் கேள்வி கேட்டது. வருவாய்ப் பதிவேடுகளில் நிலத்தின் பெயர் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. அதைத் திருப்பி எழுதச் சொன்னது. அதாவது, சாலை வரலாமா என்று வல்லுநர் குழு பதில் சொல்வதற்கு முன்பே, பட்டாவில் பதில் எழுதியாகிவிட்டிருந்தது.

2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பின் பெரும் பகுதியை மாற்றியது. நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், பி.ஆர். கவாய், கிருஷ்ண முராரி. நிலத்தை எடுக்கும் எண்ணத்தை அறிவிப்பதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி முன்தேவை அல்ல. சாலை வேலையைத் தொடங்கத்தான் அது தேவை என்றார்கள். இடம் எது என்று தெரியாமல் எந்த இடத்தின் சூழலை ஆராய்வது என்ற தர்க்கம் அதில் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. பதிவேடுகளைத் திருப்பி எழுதும் உத்தரவை மட்டும் நிலைநிறுத்தினார்கள்.

சட்டத்தில் இது சரியாக இருக்கலாம். ஆனால் வல்லுநர் மதிப்பீடு என்ற ஏற்பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எனக்கு இதில் சமாதானம் இல்லை. மாற்று வழிகளை ஒப்பிடுவதுதான் தாக்க மதிப்பீட்டின் நடுநாயகமான வேலை. சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே ஏற்கெனவே உளுந்தூர்ப்பேட்டை வழியாக ஒன்று, கிருஷ்ணகிரி வழியாக ஒன்று என்று இரண்டு பெருஞ்சாலைகள் இருக்கின்றன. அவற்றை அகலப்படுத்தினால் போதுமா என்பது ஒரு மாற்று. சாலையே வேண்டாம் என்பதும் ஒரு மாற்று. ஆனால் அறிவிக்கையில் சர்வே எண்கள் வந்தபிறகு, கல் நட்டபிறகு, எந்த ஆலோசகர் ‘வேறு வழி மேல்’ என்று எழுதுவார்? எழுதினாலும் எந்தக் குழு, இத்தனை செலவும் சண்டையும் ஆனபிறகு, அதைப் பிடித்துக்கொள்ளும்? அறிவிக்கையில் பெயர் ஏறிய நிலத்தை விற்பது கடினம், அதன்மேல் கடன் வாங்குவது கடினம், புதிதாய் ஒரு கிணறு வெட்ட மனம் வராது. காகிதத்தில் ‘எண்ணம்’ மட்டும்தான்.

மேகதாதுக் கதை இதற்கு நேர்மாறு. 67.16 டிஎம்சி கொள்ளளவு, 400 மெகாவாட் மின்சாரம், சுமார் 9,000 கோடி ரூபாய். மூழ்கப்போவதில் பெரும்பகுதி கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயமும் காப்புக் காடும். 2018 நவம்பரில் மத்திய நீர் ஆணையம் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க அனுமதி தந்தது. கர்நாடகம் ஆய்வு வரையறைகள் கேட்டு அமைச்சகத்துக்குப் போனது. 2019 ஜூலையில் நதிப் பள்ளத்தாக்குத் திட்டங்களுக்கான வல்லுநர் குழு அதைப் பரிசீலித்தது. தமிழ்நாட்டின் எதிர்ப்புக் கடிதங்கள் முன்னமே அதன் மேசையில் இருந்தன. இரு மாநிலங்களும் இணக்கமான தீர்வுக்கு வந்தபிறகு வரலாம் என்று குழு சொல்லி, வரையறைகளையே தரவில்லை. மாற்று இடங்கள் பற்றியும் கேட்டது.

முதல் படி. அறிக்கை எழுதவில்லை, அளவுக் கல் இல்லை, பொதுக் கூட்டம் இல்லை. கேள்வி கேட்கச் சரியான நேரம் அதுதான். இந்தக் குழுவினர் அரூர்ச் சாலைக்கு வரையறை தந்தவர்களைவிடத் துணிச்சல்காரர்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர்கள் எதிரே நின்றவர் ஒரு மாநில அரசு. வழக்கறிஞர்கள், பொறியாளர்கள், காவிரி நடுவர் மன்றத்திலிருந்து தொடங்கி முப்பதாண்டு ஆவணங்கள், உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. குழு ‘ஆம்’ என்று சொன்னால் மறுநாள் அது நீதிமன்றத்தில் நிற்கும். அரூரில் எதிரே நின்றவர் ஒரு கிணற்றுக்காரர். அவருக்கு ஆய்வு வரையறை கட்டத்தில் சட்டப்படி வாயே இல்லை.

வெளிநாட்டு உதாரணங்களை அள்ளித் தெளிப்பது நம் கட்டுரைகளுக்கு ஒரு நோய். ஆனாலும் இரண்டு மட்டும் இங்கே பொருந்தும். நெதர்லாந்தில் 1987 முதல் தாக்க மதிப்பீட்டுக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. அமைச்சகத்தின் அறை அல்ல, தனி அறக்கட்டளை. ஒவ்வொரு திட்டத்துக்கும் வெளியிலுள்ள வல்லுநர்களிலிருந்து புதிதாக ஒரு குழு. அறிக்கை எழுதுவது அங்கேயும் திட்டக்காரர் தரப்பே. ஆனால் குழு, திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாது. முடிவெடுக்கப் போதுமான செய்தி இந்த அறிக்கையில் இருக்கிறதா என்பதை மட்டும் ஆராய்ந்து பகிரங்கமாகச் சொல்லும். வேலை சிறிதாக இருப்பதால் அதைச் சுதந்திரமாகச் செய்ய முடிகிறது.

கனடாவில் 1974இல் மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் கொண்டுபோகும் திட்டத்தை ஆராய நீதிபதி தாமஸ் பெர்ஜர் நியமிக்கப்பட்டார். அவர் வடக்கில் 35 ஊர்களுக்குப் போய், குடியிருப்புகளிலேயே அமர்ந்து கேட்டார். எதிர்ப்பாளர்கள் தங்கள் சொந்த வல்லுநர்களை வைத்துக்கொள்ளப் பணமும் கொடுக்க வைத்தார். 1977இல் பத்தாண்டு நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தார். கிணற்றுக்காரருக்கு ஒரு நிலத்தடி நீர் வல்லுநரை அமர்த்திக்கொள்ளும் செலவைத் திட்டச் செலவில் சேர்த்தால் 10,000 கோடியில் அது கண்ணுக்கே தெரியாது.

நம் போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. 2022 ஜனவரியில் அமைச்சகம் மாநில ஆணையங்களுக்கு நட்சத்திரத் தரவரிசை ஒன்றை அறிவித்தது. 80 நாளுக்குள் அனுமதி தந்தால் முழு மதிப்பெண். கூடுதல் விவரம் கேட்பது குறைவாக இருந்தாலும், நேரில் இடத்தைப் போய்ப் பார்ப்பது குறைவாக இருந்தாலும் மதிப்பெண். வல்லுநர் தன் வேலையைச் செய்தால் மதிப்பெண் குறையும் என்று ஒரு அரசு எழுத்தில் எழுதிக்கொடுத்தது எனக்கு இன்றும் வியப்பு.

மாவட்டத்துக்குள்ளேயே குழு இருந்தால் இடம் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று தோன்றலாம். தருமபுரிக்கு அன்றாடம் பழக்கமான திட்டம் எட்டுவழிச் சாலையோ அணையோ அல்ல, கல்குவாரி. சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு கோப்புகள் குவிந்தன. 2016 ஜனவரியில், ஐந்து ஹெக்டேர் வரையிலான சிறுகனிமக் குவாரிகளுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலேயே ஆணையம் அமைக்க வகை செய்தார்கள். குத்தகை விடுவதில் பங்குள்ள நிர்வாகமே அனுமதியும் தரும் ஏற்பாடு. 2018 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதை ஏற்கவில்லை. கோப்புகள் மாநில ஆணையத்துக்கே திரும்பின. அருகில் இருப்பது வேறு, சார்பின்றி இருப்பது வேறு. தருமபுரிக்கு இரண்டும் வேண்டும், இரண்டும் சேர்ந்து இதுவரை கிடைத்ததில்லை.

மேகதாதுக் கோப்பு மூடிவிடவில்லை. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் மனுவை இப்போதைக்கு முதிராதது என்று முடித்துவைத்து, திட்ட அறிக்கையை மத்திய நீர் ஆணையம் காவிரி அமைப்புகளின் கருத்தைக் கேட்டு ஆராயட்டும் என்றது. அந்தக் கட்டம் தாண்டினால் என்றாவது ஒரு நாள் அது மறுபடி வல்லுநர் குழுவின் மேசைக்கு வரும். அப்போது ஒகேனக்கல் எங்கே நிற்கும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வளைவு என்று தலைமுறைகள் அனுபவித்தபிறகு, ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதன் தண்ணீர் மேகதாதுவுக்குக் கீழே ஓடும் காவிரியிலிருந்து வருவது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு இந்த இரண்டு மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தது. யானைக்கும் நீர்நாய்க்கும் அதுவும் கர்நாடகச் சரணாலயமும் ஒரே காடு. அறிக்கையின் ஆய்வுப் பரப்பு திட்டப் பகுதியைச் சுற்றி வழக்கமாகப் பத்து கிலோமீட்டர். கருத்துக்கேட்புக் கூட்டம் நடப்பது திட்டம் அமையும் மாவட்டங்களில். மேகதாதுவுக்கு அவை எல்லாம் கர்நாடகத்தில். ஒகேனக்கல்லின் பரிசல்காரரும், பென்னாகரத்தில் குழாயடியில் குடம் வைப்பவரும் இந்தக் கூட்டத்துக்குள் வருவதில்லை. விரும்பினால் எழுத்தில் கருத்து அனுப்பலாம். அவர்கள் சார்பில் பேச இருப்பது தமிழ்நாடு அரசின் கடிதம். அரூர்க் கிணற்றுக்காரருக்கு 2018இல் அதுவும் இல்லை. அன்று கல் நட்டதே அந்த அரசின் அதிகாரிகள்தாம்.